குடித்தது, 11.40

எங்கள் அல்பாகா பண்ணையில் ஒரு குட்டி செத்ததற்கு நான்தான் காரணம். வீட்டில் இன்றுவரை "பிறக்கும்போதே சோனிக் குட்டி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். 6.8 கிலோ இருந்தது, நல்ல எடை.

காலை பத்து மணிக்கு ஈன்றது. அல்பாகா தன் குட்டியை நக்கிவிடாது. முனகிக்கொண்டே மோந்து பார்க்கும், அவ்வளவுதான். ஒரு காம்பைப் பீய்ச்சி, சீம்பாலில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பிரிக்ஸ் 26. மாட்டுக்கு 22 இருந்தாலே நல்ல சீம்பால் என்பார்கள். எனக்கு ஒரே பெருமை. மற்ற மூன்று காம்புகளில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. குட்டியின் தலை தாயின் வயிற்றுக்கடியில் தெரிந்தது. நோட்டில் "குடித்தது, 11.40" என்று எழுதிவிட்டு, குளிருக்குப் பயந்து உள்ளே போய்விட்டேன்.

தெரியாமல் செய்ததல்ல. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி இந்தக் குட்டிகளுக்குக் கருவிலேயே வந்து சேராது, சீம்பாலில்தான் வரவேண்டும். அதை இரத்தத்துக்குள் விடும் குடல் ஒரே நாளில் கதவை அடைத்துவிடும். ஊரில் பசு கன்று போட்டால் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்த சீம்பாலைத் தின்று வளர்ந்தவன் நான். கன்றுக்கு மிச்சம் இருந்ததா என்று அப்போதும் பார்த்ததில்லை.

சாயங்காலம் மருத்துவர் போனில் கேட்டார், கண்ணால் பார்த்தீர்களா என்று. "நன்றாக இழுத்துக் குடித்தது" என்றேன். இல்லையென்று சொல்லியிருந்தால், ஃப்ரீசரில் இருந்த ஆட்டுச் சீம்பாலைப் புட்டியில் கொடுக்கச் சொல்லியிருப்பார். நாளைக்கு வந்து இரத்தம் எடுக்கட்டுமா என்றார். அவர் வந்துபோகும் செலவை நினைத்து, வேண்டாம் என்றேன்.

மறுநாள் 6.5 கிலோ. முதல் நாள் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தானே என்று தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் 6.1. எழுந்து நிற்கவில்லை. மருத்துவர் வந்து இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரை நான் பாலைப் பார்த்த அதே மாதிரிக் கருவியில் பார்த்தார். 100 மில்லிக்கு 5.5 கிராம் புரதம் இருந்தால் நிம்மதி. 4.1 காட்டியது. பிளாஸ்மா ஏற்றினார். விடியுமுன் போய்விட்டது.

"குடித்தாலும் சில குட்டிகளுக்கு உடம்பில் ஒட்டாது, உங்கள் தப்பில்லை" என்றார் மருத்துவர். தலையாட்டினேன்.

புதைத்துவிட்டு வந்து மடியைத் தொட்டேன். கல்லாய் இறுகியிருந்தது. மூன்று காம்பிலும் மெழுகு அப்படியே. நோட்டில் அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.