நங்கூரத்திற்கு ஓர் இடம்

கடலில் செல்லும் கலத்திற்கு ஓடும் திறம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நிற்கும் திறம். ஓடுவதற்குத் துணையாவன பாயும் துடுப்பும் பொறியும். நடுக்கடலில் நிற்பதற்குத் துணையாவது நங்கூரம் ஒன்றே. நங்கூரம் என்னும் சொல் பாரசீக மொழியின் 'லங்கர்' என்பதன் வழி வந்தது என்பர். சொல் வேற்று நாட்டதாயினும் செயல் நம் கரைக்குப் புதியதன்று. உப்பை விற்று நெல்லோடு மீண்ட படகுகள் கட்டப்பட்டு நின்ற காட்சியை, இலாயத்தில் பிணித்த குதிரைகளின் வரிசைக்கு ஒப்பிடுகிறது பட்டினப்பாலை. கட்டவிழ்ந்த குதிரையும் கட்டவிழ்ந்த படகும் போகும் திசையை யாரே அறிவர்!

கட்டுமரத்திற்கு உள்ளறை என்பது கிடையாது. கல்லோ நங்கூரமோ, எதுவாயினும் மரத்தின்மேல் கண்ணெதிரே கிடக்கும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், சோழமண்டலக் கரையில் கண்ணாடி இழையால் ஆகிய மோட்டார்ப் படகுகள் பெருகின. வலை, பனிக்கட்டிப் பெட்டி, எரிபொருட் கலம், குடிநீர் எனப் பலவும் அவற்றின் வயிற்றில் நிறைகின்றன. அவற்றின் அடியில் எங்கோ ஒரு மூலையில் நங்கூரம் கிடக்கிறது. நாள்தோறும் வேண்டப்படாத பொருள் அடியிற் செல்வது வீட்டிலும் இயல்பே; ஆனால் வீடு அலையில் மிதப்பதன்று.

நாகைக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரில் மீனவர் ஒருவர் தம் மகனோடு கடலுக்குச் சென்று மீண்டார். கரை கண்ணுக்குத் தெரிந்த பொழுதில் பொறி நின்றது. கொண்டற் காற்று கிழக்கிலிருந்து வலுத்து வீசியது. அக்காற்று படகைக் கரைக்குத்தான் தள்ளும். ஆனால் அவ்விடத்துக் கரையில் இருந்தது மணல் அன்று, பாறைகளைக் குவித்துக் கட்டிய தூண்டில் வளைவு. "தம்பி, நங்கூரத்தை எடு!" என்றார் தந்தை. மகன் வலையைப் புரட்டினான். நங்கூரத்தின் கொக்கி வலையின் கண்களில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்கச் சிக்கல் இறுகியது. பாறையில் அலை மோதும் ஓசை அண்மையில் கேட்டது. தந்தை கத்தியை எடுத்து வலையை அறுத்தார். கடன் வாங்கி வாங்கிய வலை அது. நங்கூரம் மண்ணைக் கவ்வியபோது பாறைக்கும் படகுக்கும் இடையே இருந்த தொலைவு, படகின் நீளம் இரண்டு அல்லது மூன்றுதான்.

மறுநாளே அவர் படகு கட்டும் மேஸ்திரியிடம் சென்றார். "நங்கூரத்திற்குத் தனியாக ஓர் அறை வேண்டும். அமரத்தில், பொறிக்குப் பக்கத்தில் வைத்தால் என் கைக்கு எட்டும்" என்றார். முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் வழங்குவது கடலோரத் தமிழ்.

மேஸ்திரி இசையவில்லை. "அண்ணே, பொறியின் பாரத்தால் அமரம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. அங்கே கயிற்றைப் பிணித்தால் படகு அலைக்கு முதுகைக் காட்டி நிற்கும். அலை உள்ளே ஏறிவிடும். கயிறு விசிறியில் சுற்றினால் பொறியும் போகும். அணியந்தான் அலையைப் பிளக்கும் இடம், நங்கூரமும் அங்கேதான் இருக்கவேண்டும்" என்றார்.

"அணியத் தட்டின் கீழேதான் சோறும் தண்ணீரும் உயிர்காப்புச் சட்டைகளும் வைக்கிறோம், அவற்றை எங்கே வைப்பது?" என்று கேட்டார் மீனவர். நேர்மையான வினா அது. சிறு படகில் ஒரு பொருளுக்கு இடம் தந்தால் மற்றொரு பொருளின் இடம் போகிறது. நெடுநேரம் இருவரும் பேசினர். இறுதியில் வலைக்கட்டு ஒன்றைக் குறைத்துக்கொள்ள மீனவர் ஒருப்பட்டார். பிழைப்பில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது எளிய செயலன்று.

வேலை எவ்வாறு நடந்தது என்பது அறியத்தக்கது. அணியத் தட்டில் வாய் வெட்டும்பொழுது, தாங்கி நிற்கும் குறுக்குக் கட்டையை மேஸ்திரி தொடவில்லை. வாயின் மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டினார்; கூரிய மூலையிலிருந்தே வெடிப்புத் தொடங்கும். வெட்டிய விளிம்பில் பலகை தெரிந்த இடமெல்லாம் பிசின் பூசினார். இன்றேல் நீர் புகுந்து பலகை உளுத்துப்போகும். உள்ளே குறுக்குச் சுவர் ஒன்றும் தளம் ஒன்றும் அமைத்துக் கண்ணாடி இழையால் ஒட்டினார். தளம் நீர்மட்டத்திற்கு மேலே இருக்குமாறு பார்த்துக்கொண்டார். அப்பொழுதுதான் பக்கத்தில் இட்ட துளை வழியே நனைந்த கயிற்றின் நீர் வெளியே வடியும். துளை தாழ்ந்திருப்பின் கடலே உள்ளே வரும். மூடி அலையில் பெயராதபடி தாழ்ப்பாளும் இட்டார். தட்டின்மேல் யானை கட்டும் தறிபோல ஒரு கட்டுமுளை. அதன் அடியில் கனத்த பலகை வைத்து இறுக்கியதால், இழுவிசை ஓரிடத்தில் நில்லாமல் பரவிற்று.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகை நிறுத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அதன் அலகு தரையைக் கவ்வுவதே முதன்மையான காரணம். கயிறு செங்குத்தாக இழுத்தால் அலகு பெயர்ந்துவிடும். தரையோடு ஒட்டினாற்போல் இழுத்தால் மேலும் ஆழப் பதியும். ஆதலின், கடலின் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். ஆழம் 9 மீட்டர், அணியம் 1 மீட்டர் எனின் வேண்டிய கயிறு 50 முதல் 70 மீட்டர். காற்று வலுத்தால் இன்னும் மிகுதியாக விடுவர். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் இரும்புச் சங்கிலி இருப்பின் அதன் பாரம் கயிற்றைத் தாழ்த்தி வைக்கும். கயிறு தரையில் தேய்ந்து அறாமலும் காக்கும். மடங்கு கேட்டதும் மகன் தங்கள் கயிற்றைக் கைமுழத்தால் அளந்தான். அது 20 மீட்டர்தான் இருந்தது! அன்று பாறையருகே கடல் ஆழங்குறைந்திருந்தமையால் பிழைத்தனர்.

புதுக்கயிறு வந்தது. அதன் கடைநுனியை அறையினுள் ஒரு வளையத்தில் கட்டினர். அதன்மேல் கயிற்றைத் தளர்வாக இறக்கினர், அடுத்துச் சங்கிலி, எல்லாவற்றிற்கும் மேலே நங்கூரம். கடைசியில் உள்ளே சென்றது முதலில் வெளிவரும். இடையில் சிக்கலுக்கு வழியில்லை. கடைநுனியைக் கட்ட மறந்து நங்கூரத்தோடு கயிற்றையும் கடலுக்குக் கொடுத்தவர்களின் கதை ஒவ்வொரு கரையூரிலும் உண்டு.

கடலில் இறக்குமுன் மணலிலேயே ஒரு சோதனை நடந்தது. தந்தை கண்ணை மூடிக்கொண்டு அணியத்தில் நின்றார். இருட்டில் எடுக்கவேண்டிய நிலை வருமன்றோ! தாழை நீக்கி, மூடியைத் திறந்து, நங்கூரத்தைத் தூக்கி மணலில் எறிந்தார். சங்கிலி கலகலவென்று ஓடிற்று, கயிறு பின்தொடர்ந்தது. ஓரிடத்தில் மூடியின் விளிம்பு கயிற்றை உரசியது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் உப்புத்தாளை எடுத்து அவ்விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினார்.