காம்பில் உள்ள வேற்றுமை

பொன்னாங்காணி என்னும் பெயரைப் 'பொன் ஆம் காண் நீ' எனப் பிரித்துப் பொருள் கூறுவோர் உளர். சொல்லாராய்ச்சியாளர் உடன்படுவரோ, அது வேறு விடயம். கீரையுண்போர் உடன்பட்டு நெடுங்காலமாயிற்று. சிங்கள மக்கள் முகுனுவென்ன என வழங்குவதும் இக்கீரையையே.

அவுஸ்திரேலியாவிற் குடியேறிய இலங்கையர் பலர் மெல்பேர்ண், பிறிஸ்பேன் முதலிய நகரங்களில் வீட்டுப் பின்வளவுகளில் இதனை நட்டு வளர்த்தனர். 1990களில் தாவரவியலாளர் அச்செடிகளை நுணுகி நோக்கியபோது, அவற்றுட் பல பொன்னாங்காணியே அல்ல என்பது வெளிப்பட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும், ஆங்கிலத்தில் முதலையின் பெயரால் அழைக்கப்படுவதுமான அல்ரர்னாந்தெரா பிலொக்சிரோய்டிஸ் என்னும் களையே அது. அந்நாட்டில் 1946ஆம் ஆண்டு நியூகாசில் நகரருகே முதன்முதல் அறியப்பட்ட இக்களை, வாய்க்கால், ஆற்றங்கரை, கிளறப்பட்ட ஈரநிலம் எங்கும் பாய் விரித்தாற்போற் படர்வது. அங்கே இது முளைக்கத்தக்க விதை தருவதில்லை. கணுவுள்ள தண்டுத் துண்டொன்றே போதும். வேலிக்கு மேலாக அயலாருக்கு நீட்டப்பட்ட ஒரு பிடி கீரை அதற்கு எத்துணை வசதியான ஊர்தி!

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எதிரெதிரான இலை, கணுதோறும் வேர், வெண்ணிறப் பூந்தலை யாவும் ஒத்திருக்கும். களையின் முதிர்ந்த தண்டு உட்குழிவானது. எனினும் பொன்னாங்காணித் தண்டும் சிலவேளை குழிவுற்றிருக்குமாதலின் அதனைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. நம்பத்தக்க அடையாளம் பூவிலேயே உளது. பொன்னாங்காணியின் பூந்தலை இலைக்கக்கத்திற் காம்பின்றி ஒட்டியிருக்கும்; அதன் இனப்பெயராகிய செசிலிஸ் என்னும் இலத்தீன் சொல் சுட்டுவதும் அதனையே. களையின் பூந்தலையோ சில சென்ரிமீற்றர் நீண்ட தனிக்காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும்.

இவ்வளவு வெளிப்படையான வேற்றுமை எங்ஙனம் கண்ணிற் படாது போயிற்று? கீரை பூக்குமுன் கொய்யப்படுகிறது. சமையலறை அறிந்தது இளந்தளிரை. பூவை அது காண்பதேயில்லை. தாய்நாட்டுச் சுவையை நாடிய நாவிற்கு அத்தளிர் அந்நியமாகத் தோன்றவுமில்லை. இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. வாழையடி வாழையாக வந்த அறிவுதான் அது. அயல்நிலத்துக்கு அது போதவில்லை, அவ்வளவே.

விக்ரோறியா மாநில அதிகாரிகள் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர் எனலாம். செடிகளைப் பிடுங்குமாறு பணித்ததோடு நில்லாது, அம்மண்ணுக்கே உரிய அல்ரர்னாந்தெரா டென்ரிகுலாற்றா என்னும் செடியை ஈடாக வளர்த்து வழங்கினர். அதுவும் உண்ணத்தக்க கீரை. அதன் பூந்தலையும் காம்பின்றியே கக்கத்தில் அமர்ந்திருக்கும்.