பசியாறினால் போதுமா?

கடைசி வருடப் புரொஜெக்டுக்காக நுண்ணுயிர் எரிபொருள் கலம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2000-இல் தென் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் வில்கின்சன் செய்த ‘ச்சூ ச்சூ’ ரோபோவுக்குச் சீனிக்கட்டிதான் தீனி. உள்ளே பாக்டீரியா சீனியைச் சிதைக்கும். அதில் கிடைக்கும் எலக்ட்ரான்கள் பேட்டரியை நிரப்பும்.

அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்.

“சீனியில பசியாறுது, சரி. கழிவு எப்படிய்யா வெளிய போவும்?”

சிரித்தேன். பதில் தெரியவில்லை. பிறகு தேடினேன். பிரிஸ்டலில் ஈக்களைத் தின்னும் ஈகோபாட்-2 2004-இலேயே வந்துவிட்டது. கழிவைத் தானே வெளியேற்றும் ஈகோபாட்-3 வர 2010 ஆகியிருக்கிறது.

இப்போதெல்லாம் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். நாலு மணி நேரம். அப்பா தூங்கிவிடுவார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.