பால்மரின் கண்ணீர்

2013 செப்டம்பரில், சியாட்டில் கீஅரீனா அரங்கில் ஸ்டீவ் பால்மர் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களிடம் விடைபெற்ற வீடியோவை மறுபடி பார்த்தேன். கத்துகிறார், ஆடுகிறார், கண்ணீர் வழிய நிற்கிறார். நடிப்பென்று சொல்ல மனம் வரவில்லை. 1980இல் முப்பதாவது ஊழியராகச் சேர்ந்தவர், 2000 முதல் தலைமைச் செயல் அதிகாரி. வாழ்க்கையே அந்தக் கம்பெனிதான்.

அதற்கு முந்தைய மாதம் அவர் ஓய்வை அறிவித்த அன்றே பங்கு விலை சுமார் 7 சதவீதம் ஏறியது. போகிறேன் என்றதும் சந்தை பட்டாசு வெடித்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்! (கையில் அத்தனை பங்கு வைத்திருந்ததால் அவருக்கும் லாபம்தான், அது வேறு கதை.)

ஐபோனைப் பார்த்துச் சிரித்தவர் என்ற பெயர் போகாது. போகவும் கூடாது. மொபைல் யுகத்தையே கோட்டை விட்டுவிட்டு, போகிற நேரத்தில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்க ஒப்பந்தம் போட்டு, அடுத்து வந்தவர் தலையில் கட்டினார். 2015இல் அதற்காக 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். ஊழியர்களைத் தரவரிசைப்படுத்திச் சிலரைக் கட்டாயமாகக் கடைசியில் தள்ளும் மதிப்பீட்டு முறையும் அவர் காலத்தில் பலரை நோகடித்தது.

ஆனால் ஆண்டு வருமானம் மூன்று மடங்குக்கு மேல் பெருகியதும் அவர் காலத்தில்தான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் பிறந்ததும் அப்போதுதான். தனக்கு அடுத்துத் தலைமைச் செயல் அதிகாரியான சத்யா நாதெள்ளாவை 2011இல் சர்வர் பிரிவுக்குத் தலைவராக்கியதும் அவரே. நாதெள்ளாவைக் கொண்டாடும் பதிவுகளில் இதை யாரும் எழுதுவதில்லை.

என்னைக் கேட்டால், பால்மர் கெட்டிக்கார வியாபாரி, சுமாரான தீர்க்கதரிசி. பங்குகளில் பெரும்பகுதியை விற்காமல் வைத்திருந்ததால் இன்று உலகப் பெரும்பணக்காரர்களில் ஒருவர். அதுவும் பெரும்பாலும் நாதெள்ளா புண்ணியத்தில்!