தோப்பை விட ஆள் முக்கியம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், புயல் வந்தா தென்னையை எப்படிக் காப்பாத்துறது?" என்பதுதான். டெல்டாவின் கடைமடைப் பகுதியில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன்பின் பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளைப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் புரியும்.

முதலில் தோப்புக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை வந்ததும், காற்று எழும்புவதற்கு முன்பே, முற்றிய காய்களையும் இளநீர்க் குலைகளையும் இறக்கிவிடுங்கள். காய்ந்த மட்டைகளையும் அடிமட்டைகளையும் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் மரத்தின் ஆட்டமும் குறையும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். ஊறிய மண்ணில் வேரின் பிடி தளர்ந்துவிடும். வாழையில் முற்றிய தாரை வெட்டிவிட்டு, மற்றவற்றுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுங்கள். நெல் வயலில் வடிகாலைத் தூர்வாரித் திறந்து வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கும் காற்றில் சில மரங்கள் விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் தோப்பில் நின்று நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்து, மோட்டாருக்கு மெயினை அணைத்துவிட்டு வாருங்கள். கூரை வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுங்கள். மாடு, ஆடுகளை மேட்டுப்பாங்கான இடத்துக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் கட்டிக் கிடக்கும் மாடு, கொட்டகை விழுந்தால் தப்பிக்க வழியில்லை. பட்டா, சிட்டா, பேங்க் பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். புயலின் மையம் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று அடங்கும். புயல் போய்விட்டது என்றே தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாவது காற்றில்தான் சாயும். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, அந்த அமைதியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். "ரேடியோவுல சொல்லட்டும், அப்புறம் போங்க" என்று அவர் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். விடிந்து போய்ப் பார்த்தால், கொட்டகை மேல் இரண்டு தென்னை குறுக்கே கிடந்தன.

புயல் ஓய்ந்த பிறகும் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் கம்பி கிடந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். அவசரத்துக்கு 1077 எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடலாம். விழுந்த மரங்களை வெட்டி அகற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் எங்களிடமும் சொல்லுங்கள்.

கஜாவுக்குப் பிறகு நட்ட தென்னங்கன்றுகள் பல தோப்புகளில் இன்று பாளை விட்டு நிற்கின்றன. அவற்றை நட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது.