குரலில் வந்த ஸுல்தான்

எங்கள் உம்மும்மாவுக்குக் கண் மங்கி நான்கு வருடங்களாகின்றன. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்களைக் கேட்டுப் பழகிய காது அவருடையது. பேச்சின் முதல் வரியிலேயே ஆள் நல்லவனா கெட்டவனா என்று சொல்லிவிடுவார்.

கடந்த விடுமுறையில், லண்டனிலிருந்து வந்த மாமா விட்டுச்சென்ற இறுவட்டொன்றை இருவரும் சேர்ந்து கேட்டோம். ‘டொக்டர் ஹூ’ தொடரில் ‘த குரூசேட்’ என்னும் கதை. காலத்தில் முன்னும் பின்னும் போகும் நீலப் பெட்டியொன்றில் ஒரு முதியவரும் அவரோடு மூவரும் யாஃபாவுக்கு அருகே ஒரு காட்டில் வந்திறங்குகிறார்கள். சிலுவைப் போர்க் காலம். ஒருபுறம் ரிச்சர்ட் மன்னன், மறுபுறம் ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி.

உண்மையில் இது 1965இல் பி.பி.சி. காட்டிய தொலைக்காட்சி நாடகம். பழைய நாடாக்களை அக்காலத்தில் அழித்துவிட்டதால் நான்கு அத்தியாயங்களில் இரண்டுக்குப் படம் இல்லை. வீட்டிலிருந்தபடி ஒலியை மட்டும் பதிந்து வைத்திருந்த ரசிகர்களால் குரல்கள் தப்பின. இடையிடையே காட்சியை விளக்கும் ஒருவரின் பேச்சையும் சேர்த்து இறுவட்டாக்கியிருக்கிறார்கள்.

உம்மும்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். ஆங்கிலேயர் எழுதிய நாடகத்தில் நம் ஸுல்தானை எப்படிக் காட்டியிருப்பார்களோ என்று சண்டைக்கு ஆயத்தமாகவே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஸுல்தான் நிதானமாகப் பேசுகிறார். சிறைப்பட்டு வந்த பார்பரா, நீரோவின் ரோமாபுரிக்கும் பூச்சிகள் ஆளும் உலகத்துக்கும் போய்வந்ததாக உள்ளதைச் சொல்ல, இவள் கதைசொல்லி போலும் என்று எடுத்துக்கொள்கிறார். உம்மும்மா சிரித்துவிட்டார். எல் அகிர் என்ற கொடிய அமீரும் அவனது அந்தப்புரமும்தான் வழமையான குப்பை.

ரிச்சர்ட் தன் சகோதரி ஜோனாவை ஸுல்தானின் சகோதரர் அல்-ஆதிலுக்கு மணமுடித்துத் தர முன்வருவது வெறும் கற்பனை என்றே நினைத்திருந்தேன். ஸுல்தானோடு இருந்த பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் அதை எழுதி வைத்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். ரிச்சர்ட் அதை நிறைவேற்றமாட்டான் என்று எண்ணியே ஸுல்தான் சம்மதித்தாராம். நாடகத்தில் ஜோனா கொதித்தெழுகிறாள்.

“அந்தப் புள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார் உம்மும்மா. அடுத்த அறையில் ராத்தாவின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. 1191 ஓகஸ்டில் அக்கா நகரில் சுமார் 2700 முஸ்லிம் கைதிகளைக் கொல்லவைத்தவன் இந்த ரிச்சர்ட். இப்போது சமாதானம் பேசுகிறான். அதையும் ஒரு பாத்திரம் சொல்வதுபோல நடுவில் சேர்த்துவிட்டேன்.

“இது அவங்க செல்றதா, நீ செல்றதா?”

நான் பேசாமலிருந்தேன்.

“இவ்வளவு பெரிய விசயத்தச் செல்ற குரலா புள்ள அது?”

பிறகு ஹாரூன் என்ற தகப்பனின் காட்சி. மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். மூத்த மகளையும் எல் அகிர் கொண்டுபோய்விட்டான். மிஞ்சிய இளைய மகள் ஸஃபியாவைப் பார்பராவிடம் ஒப்படைத்து, ஒரு கத்தியையும் கொடுக்கிறார். படையினர் கண்டுபிடித்தால் முதலில் என் மகளைக் கொன்றுவிடு, பிறகு உன்னை. இதை என்னால் சொல்ல முடியவில்லை. “மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்” என்றேன்.

“பாத்துக்கொள்ளச் செல்றவருக்கு ஏன் தொண்டை இப்பிடி அடைக்குது?”

சொன்னேன். உம்மும்மா வெகுநேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். பார்பரா அந்தக் கத்தியைப் பாவிக்கவில்லை, ஸஃபியாவைக் காப்பாற்றத் தானே வெளியே போய் அகப்பட்டாள் என்று சொன்ன பிறகுதான் அடுத்ததைப் போடவிட்டார்.

கடைசி அத்தியாயத்தில் விக்கி என்ற சிறுமி, ஜெரூசலத்தை ரிச்சர்டால் பிடிக்க முடியாது என்பதை அவனிடமே சொல்லிவிடக்கூடாதா என்று கேட்கிறாள். டொக்டர் மறுத்துவிடுகிறார். அந்த இடத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அன்றிரவு, படமாகத் தப்பிய மூன்றாம் அத்தியாயத்தைத் தேடிப் பார்த்தேன். ஸுல்தானாக நடித்தவர் பெர்னார்ட் கே என்ற ஆங்கிலேய நடிகர். முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். பகல் முழுவதும் நான் நேசித்த அந்தக் குரல் அந்த முகத்திலிருந்துதான் வந்தது.

காலையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது உம்மும்மா கேட்டார்: “படம் இருக்கெண்டாயே, பாத்தியா? ஸுல்தான் எப்பிடி இருந்தார்?”

“குரலைப் போலத்தான் உம்மும்மா.”

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் பக்கம் காதைத் திருப்பினார்.