சுவரொட்டி

இந்த வாரம் மஞ்சக்காட்டுக் கதை இல்ல, எங்க பாப்பா கதை.

பாப்பா எம்.பி.பி.எஸ். முதல் வருசம். உள்ளூர் அரசுப் பள்ளியில தமிழ் வழியில படிச்சுது. 2020-ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு 7.5 சதவீதம் இட ஒதுக்கீடு வந்துச்சில்லீங்களா, அதுலதான் சீட் கெடச்சுது. விடுதியில விட்டுட்டு வந்த அன்னைக்கு, இனி நமக்கென்ன கவலைன்னு நெனச்சேன்.

கவலையே அதுக்கப்புறந்தான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல்னு மூணு பெரிய பாடம். உடம்புல இருக்கிற 206 எலும்போட பேரும் தெரியணும், ஒவ்வொண்ணுலயும் இருக்கிற மேடும் பள்ளமும் தெரியணும். தானமா வந்த உடம்புக்கு வணக்கம் வெச்சு உறுதிமொழி எடுத்துட்டுத்தான் கத்தியைத் தொடுவாங்களாம். ஃபார்மலின் நெடியில கண்ணு எரியுமாம். மொதல் வாரம் சோறே எறங்கலைன்னு பின்னாடிதான் சொல்லுச்சு. நானோ போன் பண்ணுனா, "மார்க் எவ்வளவு?"ன்னு மட்டும் கேப்பேன். அதுவும், "நல்லா இருக்கேங்கப்பா"ன்னு வெச்சுரும்.

ஒரு நாள் ராத்திரி அதுவே கூப்பிட்டுச்சு. ஒரே அழுகை. வாய்மொழித் தேர்வுல ஸ்ப்ளீனைப் பத்திக் கேட்டிருக்காங்க. பதில் தெரியும், ஆனா இங்கிலீஷ்ல வாய் வரலை. சும்மா நின்னிருக்குது. ஃபெயில்.

"என்னால முடியாதுங்கப்பா. வீட்டுக்கே வந்தர்றேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "ஸ்ப்ளீன்னா என்ன கண்ணு?"ன்னு கேட்டு வெச்சேன்.

"மண்ணீரலுங்கப்பா."

"அட, நோம்பிக்குக் கெடா வெட்டுனா உனக்குன்னு எடுத்து வெப்பனே, அந்தச் சுவரொட்டியா?"

அழுதுட்டே சிரிச்சுருச்சு. அப்புறம் அதுவாவே சொல்ல ஆரம்பிச்சுது. ஒத்தைப்படையா ஞாபகம் வெச்சுக்கணுமாம்: 1 அங்குலம் கனம், 3 அங்குலம் அகலம், 5 அங்குலம் நீளம், 7 அவுன்ஸ் எடை, இடப்பக்கம் 9-லிருந்து 11-வது விலா எலும்பு வரைக்கும். வயசான ரத்தச் சிவப்பணுவையெல்லாம் கழிச்சு விடற இடமாம். பத்து நிமிசம் நிக்காமப் பேசுச்சு.

"இதையே நாளைக்கு இங்கிலீஷ்ல சொல்லு. எனக்குப் புரியாட்டிப் போகுது, நீ சொல்லு"ன்னேன்.

அன்னையிலிருந்து தினமும் ஒம்பது மணிக்கு ஒரு உறுப்பு. மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டே "ம்" கொட்டுவேன். நடுவுல நிறுத்துனா, "அப்புறம்?"பேன். அவ்வளவுதான் என் வேலை.

அடுத்த தேர்வுல உடற்கூறியல் பாஸ். உயிர்வேதியியல் இன்னும் இழுத்துட்டுத்தான் இருக்குது. ஆனா வீட்டுக்கு வர்றேங்கிற பேச்சு இப்ப இல்ல.

ஊர்ல இப்பவே "டாக்டரம்மா எப்ப வருது?"ன்னு மாத்திரைச் சீட்டோட வந்து நிக்கறாங்க. இன்னும் வருசம் இருக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டு இருக்கேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு முதல் வருசப் பிள்ளை இருந்தா, மார்க்கை அப்புறம் கேளுங்க. இன்னைக்கு என்ன படிச்சேன்னு மொதல்ல கேளுங்க.